காற்றுக்கு வழிவிட்ட ஊர்

பகலும் இரவும் சமமாக நிற்கும் நாள் ஆண்டுக்கு இரண்டு. மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. அந்த நாட்களின் சாயங்காலத்தில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாசலைத் தாண்டி பத்மதீர்த்தக் குளக்கரைக்கு வருகிறவர்களுக்கு உடனே பத்மநாபசுவாமி கோயிலுக்குள் போகும் அவசரம் இருக்காது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். ஏறத்தாழ நூறடி உயரம், ஏழு நிலை. நிலைகளின் நடுவே, முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் திறந்த சாளரங்கள். மேற்கே இறங்கும் சூரியன் மேல் சாளரம் ஒன்றில் வந்து உட்காரும். சில நிமிடங்களில் நழுவி மறையும், அடுத்த சாளரத்தில் தெரியும். அங்கிருந்து அதற்கும் கீழே. படியிறங்கும் சூரியனை ஒவ்வொரு நிலையிலும் கும்பிடுகிறவர்கள் உண்டு. போனில் பிடிக்கிறவர்கள் அதைவிட அதிகம்.

1566இல் அடித்தளம் போட்டு, 18ஆம் நூற்றாண்டில்தான் எழுந்த கோபுரம் அது. கிழக்கும் மேற்கும் எள்ளளவு பிசகியிருந்தாலும் இந்தக் காட்சி கிடைத்திருக்காது. கட்டியவர்கள் இதற்கென்று ஒரு சிற்பம் செதுக்கவில்லை. கல்லும் சுதையும் வைக்காமல் ஓரிடத்தைக் காலியாக விட்டார்கள், அவ்வளவுதான். இந்த ஊரின் அழகில் பாதி, இப்படி வேண்டுமென்றே விட்ட இடங்களில் இருக்கிறது என்பது என் எண்ணம். மழையும் வெக்கையும் மாறி மாறிப் புழுக்கும் கடலோர ஊர். எங்கே அடைப்பது என்பதைவிட எங்கே திறப்பது என்று தெரிந்தவனே இங்கே நல்ல கொத்தன், நல்ல ஆசாரி.

கோயிலுக்குள்ளும் அப்படித்தான். அனந்தன் மேல் பள்ளிகொண்ட பெருமாள் 18 அடி நீளம். கண்டகி ஆற்றிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களை அடுக்கி, கடுசர்க்கரை யோகம் என்னும் மருந்துக் கலவையைப் பூசி உருவாக்கிய திருமேனி. அதை ஒரே பார்வையில் முழுசாகப் பார்க்க முடியாது. மூன்று வாசல். முதல் வாசலில் திருமுகம், கீழே தொங்கும் வலக்கை, அதனடியில் சிவலிங்கம். நடு வாசலில் நாபிக் கமலமும் அதில் பிரமனும். மூன்றாவதில் திருவடி. எண்ணெய் விளக்கின் வெளிச்சம் கறுத்த மேனியில் பட்டும் படாமலும் இருக்கும். ஒரு வாசலில் கண்டதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்கு நகர வேண்டும். மூன்றையும் சேர்த்து முழு உருவமாக்கும் வேலை பார்க்கிறவனுடையது. நம்மாழ்வார் பத்துப் பாசுரம் பாடிய தலம். மலைநாட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. முன்னால் இருக்கும் ஒற்றைக்கல் மண்டபம் இருபதடிச் சதுரம், இரண்டரையடி கனம், ஒரே பாறை. அதன் மேல் நின்று தரிசிக்கும்போது காலடியில் இருக்கும் கல்லையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

1750 ஜனவரியில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டை முழுக்க இந்தப் பெருமாளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பத்மநாபதாசன் என்ற பெயரில் அவருடைய ஊழியராக ஆண்டார். அப்போது தலைநகரம் பத்மநாபபுரம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அரசு இங்கே பெயர்ந்தது. ஆண்டவன் பெயரால் ஆண்ட நாடு என்பதன் அடையாளம் இன்றும் ஆண்டுக்கு இரண்டு தடவை விமான நிலையத்தில் தெரியும். பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் ஆராட்டு நாளில் சுவாமி சங்குமுகம் கடலுக்கு நீராடப் போகும் பழைய வழியில்தான் பிற்பாடு ஓடுபாதை வந்தது. வழியை மாற்றவில்லை. சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைக்கிறார்கள். அரச குடும்பத்துத் தலைவர் வாளேந்தி முன்னால் நடக்க, யானையும் வாகனங்களும் ஓடுபாதையைக் கடந்து கடற்கரைக்குப் போகும். திரும்பும்போது தீவட்டி வெளிச்சம்.

குளக்கரையிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. மேத்தன் மணி என்னும் கடிகாரம். தாடி வைத்த ஒரு முகம், அதன் இரு பக்கமும் ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போதெல்லாம் முகம் வாயைத் திறக்க, கடாக்கள் இரண்டும் வந்து கன்னத்தில் முட்டும். மணி பன்னிரண்டானால் பன்னிரண்டு முட்டு. சாமி கும்பிட்டு வரும் குழந்தைகளுக்குப் பிரசாதத்தைவிட இதில்தான் கண்.

அதற்குப் பக்கத்தில் குதிரைமாளிகை. ஸ்வாதித் திருநாள் கட்டியது. 1813இல் பிறந்து 33 வயதில் மறைந்த அந்த அரசர் வாழ்நாளில் பாதியை ராகத்திலும் தாளத்திலும் கழித்தவர். கூரையின் இறவாணத்தைத் தாங்கியபடி வரிசையாக 122 மரக்குதிரைகள். கீழே நின்று பார்த்தால் முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிற வேகம். பாரத்தைத் தாங்கும் உறுப்புக்கு இப்படியொரு துள்ளலைக் கொடுக்கத் தோன்றிய ஆசாரியின் கையை வணங்க வேண்டும். உள்ளே மரச்சட்டங்களைச் சாய்வாக அடுக்கி அடைத்த சாளரங்கள். வெளியே இருப்பவனுக்கு உள்ளே இருப்பவர் தெரியாது. உள்ளே இருப்பவருக்கு வெளியே எல்லாம் தெரியும். காற்று இரண்டு பேரையும் கேட்காமல் போய்வரும். தஞ்சை நால்வரில் வடிவேலு இந்த அரசவைக்கு வந்தவர். அரசர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். கர்நாடக இசையில் வயலின் காலூன்றியதில் வடிவேலுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், அந்தப் பரிசுக்கு அரசவைப் பெருமையைத் தாண்டிய ஒரு மதிப்பு இருக்கிறது.

இந்த ஊரை முழு மனசோடு ரசிக்க நினைக்கிறவர் நவராத்திரிக்கு வர வேண்டும். தலைநகரம் மாறி இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1956இல் மாநில எல்லை மாறி, பத்மநாபபுரம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் அங்குள்ள சரஸ்வதி ஒவ்வொரு ஆண்டும் இங்கே வருவது நிற்கவில்லை. கம்பர் பூசித்த விக்கிரகம் என்பது நம்பிக்கை. யானை மேல் சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசாமி, பல்லக்கில் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. பத்மநாபபுரம் அரண்மனையில் அரசரின் உடைவாள் கைமாறும். களியக்காவிளையில் கேரளப் போலீஸ் வரவேற்று அணிவகுக்கும். நடந்தே வருகிறார்கள். கரமனையில் கூட்டம் காத்திருக்கும். குமாரசாமிக்கு ஆரியசாலையில் இடம், நங்கைக்குச் செந்திட்டையில், சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில்.

அந்த மண்டபத்துக் கச்சேரியைப் போல இன்னொன்றை நான் கேட்டதில்லை. ஒன்பது நாளும் ஸ்வாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்று பிரதானம். முதல் நாள் சங்கராபரணம். பிறகு கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி. கடைசி நாள் ஆரபி. முல்லமூடு பாகவதர்கள் தொடங்கிவைப்பார்கள். யார் பாடினாலும் எத்தனை அருமையாகப் பாடினாலும் கைதட்டல் கிடையாது. பாட்டு தேவிக்கு, மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அனுமதி பெற்றவர்கள். ஒரு தனியாவர்த்தனம் முடிந்து, கோர்வை சரியாக வந்து விழுந்து, கைகள் தாமாக எழுந்து பாதியில் மடங்கும். அந்த மௌனத்தில் தம்புராவின் கார்வை மறுபடி மேலே வரும். சபாக்களில் கைதட்டலுக்கு அடியில் நாம் இத்தனை நாளாகத் தொலைத்தது அந்தக் கார்வையைத்தான். இந்த மண்டபத்தில் பெண் குரல் ஒலிக்க 2006 வரை ஆயிற்று. பாறசாலை பி. பொன்னம்மாள் வந்து பாடினார். அப்போது எண்பதைத் தாண்டிய வயது அவருக்கு.

காற்றுக்கு இத்தனை வழிவிட்ட ஊர் மனிதர்களுக்கு எல்லா வழியையும் விட்டிருக்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்த ஊரைப் பாராட்டினால் அது பொய்ப் பாராட்டு. 1893இல் வெங்ஙானூர் அய்யன்காளி, சாதியால் ஒதுக்கப்பட்ட தம் மக்களுக்கு விலக்கிய பொதுச்சாலையில் வில்வண்டி பூட்டி ஓட்டிக் காட்டினார். 1936 நவம்பர் 12ஆம் தேதி, கோயில் வாசல்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்து சித்திரைத் திருநாள் மகாராஜா பிரகடனம் செய்தார். வெள்ளையம்பலம் சதுக்கத்தில் அய்யன்காளியின் சிலை நிற்கிறது. நகரத்தின் அகலமான, நிழல் விழும் சாலைகள் அங்கேதான் கூடுகின்றன. தலைப்பாகையும் கோட்டுமாக, யாருக்கும் ஒதுங்காத நிற்பு. வண்டிகள் அவரைச் சுற்றித்தான் போயாக வேண்டும்.

கிழக்கேகோட்டைக்கு எதிரே தொடங்குகிறது சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய வணிக வீதி. வெற்றிலைக்கட்டு, கொப்பரை, பித்தளை உருளி, பூஜைச் சாமான், நகைக்கடை, தோவாளையிலிருந்து விடியலில் வந்து இறங்கும் பூ. நாஞ்சில் நாட்டு நெல்லை நம்பிச் சாப்பிட்ட ஊர் இது. அந்த வண்டிப் போக்குவரத்தோடு தமிழும் வந்து சாலையில் கடை போட்டது. இன்றும் ஒரு கடையில் மலையாளத்தில் விலை கேட்டுத் தமிழில் பதில் வாங்கலாம். இந்தத் தெருவிலேயே கடை வைத்திருந்த ஆ. மாதவன், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த மனிதர்களைத் தமிழில் எழுதினார். சுமைதூக்கி, பொறுக்கி, ஏமாந்தவன், ஏமாற்றியவன் எல்லாரும் அவர் கதைகளில் நடமாடுகிறார்கள். நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ இதே ஊரின் தெருக்களில் நடக்கும் நாவல். நகுலன் கவடியார் பக்கத்து வீட்டில் தனியாக இருந்து எழுதினார். நம் நவீன இலக்கியத்தில் ஒரு நல்ல பங்கு இங்கே எழுதியது என்பதை நாம் போதுமான அளவு சொல்லிக்கொள்வதில்லை. தமிழ்நாட்டு அரசு விழாக்களில் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து ‘மனோன்மணீயம்’ நாடகத்திலிருந்து வந்தது. அதை 1891இல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர், பேரூர்க்கடையில் வாழ்ந்தவர்.

சாலையை ஒட்டி வலியசாலை, ஆற்றைத் தாண்டினால் கரமனை. நீளமாக, சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகார வீடுகள். இந்தத் தெருக்களின் கைமணம் ஊர் முழுக்கப் பரவியதற்கு ஒரு சாட்சி கல்யாணப் பந்தி. கேரளத்தின் வேறு பகுதிகளில் இல்லாத வழக்கமாக, இங்கே சத்யா விருந்தின் கடைசியில் இலையில் போளி விழும். மஞ்சள் நிறம், கைக்குட்டை மடிப்பாக மெல்லிசு, கடலைப்பருப்புப் பூரணம் எங்கே முடிந்து மாவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத பதம். அதன் மேல் சூடாகப் பால்பாயசத்தை ஊற்றுவார்கள். போளியை விரலால் பிய்த்து, பாயசத்தில் நனைய விட்டு, இலை மடிப்பை நோக்கி ஓடும் பாலை வழித்துச் சேர்த்து வாயில் போட வேண்டும். நெய் தடவிய நம் பக்கத்துப் போளியைத் தனியாகத் தின்று பழகியவர்களுக்கு முதல் வாய் திகைப்பாக இருக்கும். இரண்டாவது வாயில் கட்சி மாறிவிடுவார்கள்.

வடக்கே போனால் ஊரின் முகம் மாறுகிறது. 1869இல் வில்லியம் பார்ட்டன் கட்டி முடித்த வெள்ளைத் தலைமைச் செயலகம், எதிரே கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவின் சிலை. பாளையத்தில் பிள்ளையார் கோயில், ஜும்மா மசூதி, புனித சூசையப்பர் பேராலயம் மூன்றும் கூப்பிடு தூரத்தில். பிறகு மேடேறினால் மியூசியம்.

இந்த மியூசியம் கட்டிடத்துக்காகவே ஒரு சாயங்காலத்தை ஒதுக்கலாம். 1880இல் ராபர்ட் சிஷோம் முடித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவர் கைவேலைதான். சேப்பாக்கத்தில் கும்மட்டங்களை வைத்து விளையாடிய அதே மனிதர், இங்கே வந்ததும் மலையாளத்துக் கூரையைக் கையில் எடுத்தார். செங்குத்தாக ஏறி இறங்கும் ஓட்டுக்கூரை, முகப்பு முக்கோணங்களில் மரவேலை, பூச்சு பூசாத சுவரில் சிவப்பும் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாகச் செங்கல் கோலம். மேற்குத் திசையிலிருந்து வெயில் சாயும்போது அந்தப் பட்டைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியும். உள்ளே நுழைந்தால் ஒரு குளுமை. மின்விசிறி இல்லாத காலத்துக் கட்டிடம்; சூடேறிய காற்று உயர்ந்த கூரைக்குப் போய் வெளியேற வழி வைத்து, கீழே புதுக்காற்று வரத் துளை வைத்திருக்கிறார். சோழச் செப்புத் திருமேனிகளையும் தந்த வேலைப்பாடுகளையும் பார்க்க வந்தவர்கள், தங்களுக்கு ஏன் வியர்க்கவில்லை என்று யோசிக்காமலே சுற்றிவிட்டுப் போகிறார்கள். கட்டிடக்காரனுக்கு இதைவிட நல்ல மரியாதை எது? பக்கத்திலேயே கலைக்கூடத்தில் ரவிவர்மாவின் சகுந்தலை, காலில் தைத்த முள்ளை எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கிறாள்.

நூறாண்டு கழித்து, தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், லாரி பேக்கர் இதே பாடத்தை வேறு விதமாக எழுதினார். பர்மிங்ஹாமில் பிறந்து, காந்தியைச் சந்தித்தபின் இந்தியாவையே ஊராக்கிக்கொண்டு, நாலாஞ்சிறை மேட்டில் வீடு கட்டி 2007இல் இங்கேயே கண்மூடியவர். செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு அவர் கையில் பிரபலமானது. கல்லும் கலவையும் மிச்சம். சுவருக்குள் அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ், சுருண்டு மேலே ஏறும் செங்கல் கோபுரம். உள்ளே மாடி என்று ஒன்று கிடையாது. தரையே ஒரு சாய்தளமாக நடுத்தூணைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி, கட்டிடத்தோடு சேர்த்துக் கட்டிய மேஜையும் பெஞ்சும், ஒன்றைவிட ஒன்று சற்று உயரத்தில். எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் உங்களுக்குக் கீழே ஒருவர், மேலே ஒருவர். சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். அவற்றின் வழியாக வரும் வெளிச்சம் மேஜை மேல் துண்டு துண்டாகக் கிடக்கும். வெளியே பஸ் இரைச்சலும் ஆட்டோ ஹாரனும். உள்ளே அது பாதியாகத் தேய்ந்து வரும். விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர், தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டு சாய்தளத்தில் ஏறி வருவதே ஒரு வித்தை. மசால்தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட் சேர்ந்த கருஞ்சிவப்பு மசாலா. பிடிக்காதவர்கள் உண்டு. எனக்கு அந்த லேசான இனிப்பும், கூடவே வரும் காபியின் கசப்பும் சேர்வது பிடிக்கும். கட்டடக் கலையைப் பற்றிப் புத்தகம் படிக்காத எத்தனையோ பேர், தினமும் ஒரு மேதையின் வேலைக்குள் உட்கார்ந்து ரயிலுக்கு நேரம் பார்க்கிறார்கள்.

கடலோரமாக வடக்கே தும்பா. காந்த நிலநடுக்கோடு பக்கத்தில் செல்வதால் விக்ரம் சாராபாய் தேடிக் கண்டுபிடித்த மீனவர் கிராமம். ஊர்மக்கள் பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேராவின் பேச்சைக் கேட்டுத் தங்கள் மகதலேனா மரியாள் தேவாலயத்தை விஞ்ஞானிகளுக்குக் கொடுத்தார்கள். ராக்கெட்டின் கூம்பை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப்போன காலம். இளைஞர் அப்துல் கலாம் அங்கே வேலை பார்த்தவர். 1963 நவம்பர் 21ஆம் தேதி முதல் ராக்கெட் கிளம்பியது. தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். வளைந்த பலிபீட மாடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

தெற்கே, கிள்ளியாற்றங்கரையில் ஆற்றுகால். மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் கண்ணகி இங்கே தங்கினாள் என்பது ஐதீகம். கும்ப மாதத்துப் பத்து நாள் திருவிழாவில் தோற்றம்பாட்டாக அவள் கதையைப் பாடுகிறார்கள். ஒன்பதாம் நாள் பொங்கல். கோயிலைச் சுற்றிய தெருக்கள் நிரம்பி, தம்பானூர் தாண்டி, எம்.ஜி. ரோடு வரை, மூன்று செங்கல் கூட்டிய அடுப்புக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாது. கொட்டாங்கச்சியும் தீப்பெட்டியும் கைமாறும். பாட்டில் பாண்டியன் வீழும் கட்டம் வரும்வரை யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. அது வந்ததும் கோயில் பண்டார அடுப்பில் தீ வைத்து, அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பு தாவி, தெருத் தெருவாகப் புகை எழும். சர்க்கரைப் பொங்கலோடு, தலைநோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் பயற்று மாவை உருட்டி மண்டைப்புட்டும் செய்வார்கள். சிலம்பில் ஒரு பெண்ணின் தனிச்சினமாக இருந்தது, இங்கே இத்தனை பெண்கள் சேர்ந்து பொங்கிப் படைக்கும் சோறாகியிருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு இப்படியொரு உரையை எந்தப் புலவரும் எழுதவில்லை.

பிற்பகலில் நைவேத்தியம் முடிந்து பானையைத் தூக்கிக்கொண்டு அவரவர் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கிளம்பியதும், மாநகராட்சி ஆட்கள் துடைப்பத்தோடும் லாரியோடும் இறங்குகிறார்கள். அன்று இரவே தெரு சுத்தம். கரி படிந்த செங்கற்களை வாரி ஏற்றிக்கொண்டு போய், வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டக் கொடுக்கிறார்கள்.